மல்லாட்டைக் கொல்லையில் ஒரு கோல்ஃப் கிளப்

என் ஒரே அண்ணன் சூசைக்கு,

உன்மேல் வைத்த பாசம் குறையாமலும் கோபம் தணியாமலும் உன் தங்கை ஸ்டெல்லா எழுதுகிறேன். வருகிற மாதத்தோடு நீ இறந்து ஒரு வருடம் ஆகிறது. உன் மகன் பிரிட்டோ நினைவு மலர் அச்சடிக்கிறான். வழவழப்பான தாள், முன்பக்கத்தில் கிளப் தொப்பி போட்டுக்கொண்டு நீ சிரிக்கிற படம். போன ஞாயிற்றுக்கிழமை கண்டமங்கலத்துக்கு வந்து என் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "அத்த, அப்பாவப் பத்தி நாலு நல்ல வார்த்த எழுதிக் குடுங்க. நீங்கதான் நல்லா எழுதுவீங்க" என்றான்.

நல்ல வார்த்தை நாலு என்னிடம் இருக்கிறது, ஆனால் அதற்கு முன்னால் சொல்லவேண்டியது நிறைய இருக்கிறது என்றேன். "எதுவா இருந்தாலும் எழுதுங்கத்த, அப்படியே போட்டுடறேன்" என்று வாக்குக் கொடுத்தான். பாவம், உன்னைப்போலவே வாக்குக் கொடுக்கிறதில் அவசரக்காரன். இதைப் படிக்கும்போது அவன் முகம் போகிற போக்கைப் பக்கத்தில் இருந்து பார்க்கவேண்டும் என்று எனக்கு ஆசை.

நான் எதைப் பற்றி எழுதப்போகிறேன் என்று உனக்குத் தெரியும். உன் கடைசி ஆசையை நான் நிறைவேற்றவில்லை. அம்மாவின் கல்லறையைத் திறந்து அதிலேயே உன்னை வைக்கச் சொன்னாய். நம் குடும்பங்களில் வழக்கம்தான், வருடங்கள் கழிந்தால் திறந்து வைப்பார்கள். நான் முடியாது என்றேன். ஊர் என்னைக் கல்நெஞ்சக்காரி என்றது, இன்றுவரை சொல்லிக்கொண்டும் இருக்கிறது. ஏன் முடியாது என்றேன் என்று யாருக்கும் நான் சொல்லவில்லை. இப்போது உனக்குச் சொல்கிறேன், அவர்களும் கேட்டுக்கொள்ளட்டும்.

தொண்ணூற்று மூன்றில் மெட்ராஸிலிருந்து ஒரு வெள்ளை வேன் வந்தது ஞாபகம் இருக்கிறதா? திண்டிவனத்தைத் தாண்டி விழுப்புரம் போகிற ரோட்டை விட்டு உள்ளே இறங்கி, நம் ஊர் மேட்டில் வந்து நின்றது. கறுப்புக் கண்ணாடி போட்ட நாலு பேர் இறங்கி, கையை நீட்டி நீட்டிப் பேசினார்கள். இனிமேல் வெளிநாட்டுக் கம்பெனிகளாக வந்து குவியப்போகிறது, அவர்கள் கோல்ஃப் விளையாட இடம் வேண்டும் என்றார்கள். நீ அப்போது திண்டிவனத்தில் உரக்கடையில் வேலை பார்த்தாய், இங்கிலீஷ் நாலு வார்த்தை பேசுவாய். அதனால் அவர்கள் உன்னைப் பிடித்துக்கொண்டார்கள், நீ அவர்களைப் பிடித்துக்கொண்டாய்.

ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாய். மானாவாரிக் கொல்லையை வைத்துக்கொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டு எத்தனை காலம் இருப்பீர்கள் என்று கேட்டாய். சிலர் விரும்பி விற்றார்கள், சிலர் நாலு பக்கமும் வேலி விழுந்துவிட்டதே என்று விற்றார்கள். நடுவில் இருந்தது அம்மாவின் மேட்டுக்கொல்லை. அவளுடைய அப்பா அவளுக்கென்று எழுதிக்கொடுத்தது. உனக்கும் இல்லை, எனக்கும் இல்லை, அப்பாவுக்குக்கூட இல்லை. அவள் விற்கமாட்டாள் என்று ஊரில் எல்லோருக்கும் தெரியும், உனக்கு நன்றாகவே தெரியும்.

அதனால்தானே பொய் சொன்னாய்? "வித்தா போச்சும்மா. நான் நம்மள்தை மட்டும் பத்து வருசம் குத்தகைக்கு உட்றேன். காலம் முடிஞ்சதும் கொல்ல நம்ம கைக்கே வந்துடும்" என்று அவளைத் திண்டிவனம் சப்-ரிஜிஸ்திரார் ஆபீசுக்குக் கூட்டிக்கொண்டு போனாய். அவள் கைநாட்டு வைத்தாள். அன்று சாயங்காலம் அவளுக்கு ஓட்டலில் பூரி வாங்கிக் கொடுத்தாயாம். அந்தப் பூரியைப் பற்றி எனக்கு அவள் ஆசையாகச் சொன்னாள்.

அதற்கப்புறம் அம்மா ஊரில் நடந்த நடை இருக்கிறதே. தண்ணீர்க் குழாயடியில் நின்றுகொண்டு, "நீங்கள்லாம் அவுசரப்பட்டு வித்துட்டீங்கடி. என் மவன் குத்தகைக்குத்தான் உட்டான். கெட்டிக்காரன்" என்று ஒவ்வொருத்தியிடமும் சொன்னாள். எதிர்வீட்டு அமலியை அந்தப் பேச்சாலேயே பல நாள் அழ வைத்தாள். அவர்கள் யாரும் திருப்பிச் சொல்லவில்லை. உண்மை தெரியாமல் இல்லை. கிளப்பில் உனக்கு வேலை கிடைத்திருந்தது, களையெடுக்கிற வேலைக்கு ஆள் சேர்க்கிறவன் நீ. உன்னைப் பகைத்துக்கொண்டு யார் பேசுவார்கள்?

புல்டோசர் வந்து வரப்புகளைத் தள்ளிச் சமன்படுத்தியது. அங்கங்கே மேடு கட்டி, குழி தோண்டி, ஒவ்வொரு குழியிலும் ஒரு கொடி நட்டார்கள். அம்மா வேலியோரம் நின்று பார்த்துவிட்டு உன்னைக் கேட்டாள்: "இன்னா கட்சிடா இது?" கிளப் மேனேஜர் சிரித்தார். குன்னூரிலிருந்து வந்த ஓய்வுபெற்ற ராணுவக்காரர் அவர், மீசையை முறுக்கிக்கொண்டே பேசுவார். நீயும் அவரோடு சேர்ந்து சிரித்தாய். அம்மாவும் சிரித்தாள், உன் முகம் மலர்ந்திருந்ததே என்று.

மூன்றாம் நம்பர் கொடி அம்மாவின் கொல்லையில் நின்றது. முந்தின பட்டத்து மல்லாட்டை பிடுங்கிய கையோடு நிலத்தைக் கொடுத்திருந்தோம். மண்ணுக்குள் தங்கின காய் எவ்வளவு இருக்கும் என்று விவசாயி வீட்டுப் பிள்ளை நீ சொல்லியிருக்கவேண்டும், சொல்லவில்லை. கொண்டுவந்து பதித்த புல்லுக்கு முதல் மழை விழுந்ததும் மூன்றாம் குழியைச் சுற்றி மல்லாட்டைச் செடி கிளம்பி நின்றது. மேனேஜர் குனிந்து பார்த்து, வேர்க்கடலைச் செடி என்று தெரியாமல், இது என்ன களை என்று கேட்டாராம். தான் சாப்பிடுகிற கடலை எண்ணெய் எங்கிருந்து வருகிறது என்று நினைத்திருப்பாரோ தெரியாது.

களையெடுக்கப் பெண்களைக் கூப்பிட்டாய். அம்மாவும் போனாள். அவர்கள் பதித்திருந்தது நம் அருகம்புல்லுக்கு ஒன்றுவிட்ட தங்கை. வாழ்நாளெல்லாம் அருகைப் பிடுங்கி மல்லாட்டை வளர்த்தவள், கூலிக்கு உட்கார்ந்து மல்லாட்டையைப் பிடுங்கி அருகு வளர்த்தாள். "குத்தகக்காரன் இன்னாவோ வெச்சிக்கினு போறான், நமக்கின்னா" என்று என்னிடம் சொன்னாள். எனக்கும் அப்போது சிரிப்புதான் வந்தது. நானும் குத்தகை என்றுதான் நம்பியிருந்தேன்.

கிளப்பைத் திறந்துவைத்த நாளில் யாரோ பெரிய மனிதர் ரிப்பன் வெட்டினார். ஊர்க்காரர்கள் வேலிக்கு வெளியே நின்றோம். முள்கம்பிக்கு மேலாகத்தான் லட்டு வந்தது. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கார்கள். வெளிநாட்டுக்காரர்கள், மெட்ராஸ் மில்காரர்கள், பாண்டிச்சேரியிலிருந்து சில டாக்டர்கள். ஒன்பது குழியைச் சுற்றிவிட்டு மர நிழலில் பீர் குடித்துவிட்டுப் போவார்கள். உள்ளே ஆடு நுழைந்தால் நீ பிடித்துக் கட்டினாய். அமலியின் ஆட்டைக்கூடக் கட்டினாய்.

தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் போகமுடியுமா? போர் போட்டுப் பகலெல்லாம் இறைத்தீர்கள். புல்லின்மேல் தண்ணீர் சுற்றிச் சுற்றிப் பீய்ச்சும், வெளியே பெண்கள் காலிக் குடத்தோடு நின்று பார்ப்பார்கள். கிணறெல்லாம் வற்றுகிறதே என்று ஊர்க்கூட்டத்தில் கேட்டதற்கு, "அது ஆழத்துத் தண்ணி. உங்க தண்ணியே வேற" என்றாய். பூமிக்குள் பாகம் பிரித்துப் பார்த்துவிட்டு வந்தவன் மாதிரி பேசினாய். உன் வீட்டுக்கு மட்டும் கிளப் டேங்கிலிருந்து குழாய் வந்தது.

பொங்கலுக்குப் பொங்கல் நீ செய்ததை உன் மகன் பெருமையாகச் சொல்கிறான், அதையும் எழுதிவிடுகிறேன். குத்தகைக்காரன் விளைச்சலில் நிலத்துக்காரருக்கு ஏதாவது கொண்டுவந்து வைப்பது நம் பக்கத்து வழக்கம். முதல் பொங்கலுக்கே அம்மா கேட்டுவிட்டாள்: "ஏன்டா, அவ்ளோ பெரிய ஆளுங்க, நிலத்துக்காரிக்கு ஒண்ணும் குடுக்கமாட்டானுங்களா?" நீ அன்றைக்கே விழுப்புரம் மார்க்கெட் கமிட்டிக்குப் போய் ஒரு மூட்டை மல்லாட்டையை வாங்கிவந்து, "கிளப்புல குடுத்தாங்கம்மா" என்று இறக்கினாய். "புல்லு போட்டவன் மல்லாட்டைக்கு எங்க போனான்?" என்று கேட்டாள். "கமிட்டில வாங்கித் தந்தாங்க" என்றாய். அதற்குப் பிறகு வருடம் தவறவில்லை நீ. அந்த மூட்டையைத் திறந்து, பாதியை நிலத்தை விற்றுவிட்டவர்களுக்குக் கொடுக்கிறேன் என்று அக்கம்பக்கத்துக்கு அள்ளி அள்ளிக் கொடுத்தாள். அவர்களும் வாங்கிக்கொண்டார்கள். அவர்கள் கண்ணை நீ பார்த்திருக்கிறாயா?

பிரிட்டோ இதை அன்பு என்கிறான். "அப்பா ஆயா மனசு நோவக்கூடாதுன்னு எவ்ளோ பண்ணாரு பாருங்க" என்கிறான். ஒரு பொய்யைக் காப்பாற்ற வருடா வருடம் ஒரு மூட்டை சுமந்தவனுக்கு, ஒரே ஒரு நாள் உட்கார்ந்து உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை. அதற்கு அன்பு என்று பெயர் வைக்க எனக்கு மனம் வரவில்லை.

கிளப்பின் ஆட்டம் எல்லாம் எத்தனை நாளைக்கு? நாலு வழிச் சாலை வேலை ஆரம்பித்ததும் கிளப் வாசல் மண்மேடாகிவிட்டது. கார்க்காரர்கள் தூசிக்குப் பயந்தார்கள், கடற்கரைப் பக்கம் வேறு இடம் பார்த்துக்கொண்டார்கள். அதோடு மழையும் ஏமாற்றியது. நீ வேறே தண்ணி என்று சொன்னாயே, அந்தத் தண்ணீரும் ஊர்த் தண்ணீரைத் தேடிக்கொண்டே போய்விட்டது. புல் காய்ந்து சணல் சாக்கு மாதிரி ஆனது. சம்பளம் நின்றது. மேனேஜர் ஒருநாள் கண்ணாடி அலமாரியில் இருந்த கோப்பைகளை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு, சாவிக்கொத்தை உன் கையில் கொடுத்துவிட்டுக் குன்னூர் போய்விட்டார். வெள்ளைக்காரன் போனபோதுகூட நாலு பேரிடம் சொல்லிவிட்டுப் போனானாம்.

கிளப் மூடியதில் ஊரில் சந்தோஷப்பட்டது அம்மா ஒருத்திதான். உன் வீட்டுக்கு வந்து, "பத்து வருசம் ஆச்சி. குத்தக முடிஞ்சிது. ஏர் உடலாம் வா" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்கலாம். வீட்டில் அண்ணி இருந்தாள், பிள்ளைகள் பெரியவர்கள் ஆகிவிட்டார்கள், மாடி கட்டி முடித்தாயிற்று. எல்லாம் முடிந்துபோன கதை. திட்டுவாள், இரண்டு நாள் சாப்பிடாமல் கிடப்பாள், அப்புறம் எழுந்து உனக்கே சோறு போடுவாள். அம்மாவை உனக்குத் தெரியாதா?

நீ சொல்லவில்லை. ஓமந்தூரிலிருந்து டிராக்டர் பிடித்துவந்து, கேட்டைத் திறந்துவிட்டு, ஊரான் நிலத்தில் ஏர் ஓட்டினாய். மூன்றாம் குழியை மூடி, மண்டிக் கிடந்த அருகை முட்டிபோட்டுக் கொத்தி எடுத்தாய். மண்ணோடு மண்ணாக வெள்ளைப் பந்துகள் கிளம்பி வந்தன. அம்மா அவற்றைப் பொறுக்கி மடியில் கட்டிக்கொண்டு, விதைத்த கொல்லையில் இறங்குகிற காக்காய்களை அடித்துத் துரத்தினாள். "குத்தகக்காரன் கொல்லையைப் பாழாக்கினதுக்கு இதுவாச்சும் உட்டுட்டுப் போனானே" என்றாள். ஆடிக்கு விதைத்து ஐப்பசியில் பிடுங்கி, அப்படியே சில வருடம் ஓட்டினீர்கள். முதல் வருடத்துக் காயை எனக்கு ஒரு பை அனுப்பினாள். நானும் வேகவைத்துத் தின்றேன், நம் கொல்லைக் காய் என்று.

அந்த நாட்களில் நீ சந்தோஷமாக இருந்தாய் என்று பிரிட்டோ சொல்கிறான். இருந்திருப்பாய். கிளப் தொப்பியைப் போட்டுக்கொண்டு அம்மாவோடு களையெடுத்தாய் என்கிறான். அந்தச் சந்தோஷத்தை நான் கெடுக்க வரவில்லை. ஆனால் அது யாருடைய நிலம் என்று தெரிந்தே, கிளப்புக்காரன் விற்க ஆள் தேடுகிறான் என்று தெரிந்தே, ஒவ்வொரு ஆடியிலும் அவள் கையில் விதையைக் கொடுத்தது நீதானே?

அந்த நாளுக்கு வருகிறேன். புரட்டாசி, அமாவாசை. எனக்கு ஆஸ்பத்திரியில் லீவு. அம்மாவைப் பார்க்கலாம் என்று பாண்டிச்சேரிக்கு வந்து பஸ் ஏறினேன். நான் நர்ஸ் உத்தியோகம் பார்க்கிறவள், நின்று பழகின கால், அதனால் மேல்மலையனூர்க் கோயிலுக்குப் போகிற கூட்டத்தில் நெரிந்துகொண்டே திண்டிவனம் வந்தேன். வீட்டில் யாரும் இல்லை. கொல்லைக்குப் போனால் கேட் திறந்து கிடக்கிறது, உள்ளே ஒரு ஜேசிபி நிற்கிறது, ஊர் முழுக்க வேலியோரம் நிற்கிறது.

அம்மா செடிகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். காய் அப்போதுதான் திரளுகிற நேரம். "யார்ரா நீங்கள்லாம்? காய் புடிக்கிறப்ப வண்டிய எறக்கறீங்க? இது எங்க கொல்ல. கிளப்புக்காரனுக்குக் குத்தகைக்குத்தான் உட்டோம். அவன் ஓடிட்டான், நாங்க ஓட்டிக்கினு இருக்கோம்" என்று சொல்லிக்கொண்டிருந்தாள். குரலில் பயமே இல்லை. நிலம் வாங்கின ஆள், தங்கக் கடிகாரம் கட்டியிருந்தான், கெட்டவன்கூட இல்லை. சிரித்துக்கொண்டே சொன்னான்: "ஆயா, தொண்ணூத்தி மூணுலயே நீங்க கைநாட்டு வெச்சி வித்துட்டீங்க. கிளப்புக்காரங்க எங்களுக்கு வித்துட்டாங்க. பேஜாரு பண்ணாதீங்க. வோணும்னா உங்க புள்ளையக் கேளுங்க, தோ நிக்கிறாரு."

நீ ஜேசிபிக்குப் பக்கத்தில் நின்றாய். கையில் சாவிக்கொத்து. கேட்டைத் திறந்துவிட்டதே நீதான். வண்டி வரப்போகிறது என்று ஒரு வாரமாகவே உனக்குத் தெரியும் என்று அப்புறம் அண்ணி சொன்னாள். அந்த ஒரு வாரமும் அம்மா குனிந்து களையெடுத்தாள், நீ பார்த்துக்கொண்டிருந்தாய். புதுசாக வந்தவன் உனக்கு வாட்ச்மேன் வேலை தருவதாகச் சொல்லியிருந்தானாம்.

அம்மா உன்னைப் பார்த்தாள். "சூச, இன்னாடா சொல்றான் இவன்? குத்தகைன்னு சொல்லுடா அவங்கிட்ட" என்றாள். நீ சாவிக்கொத்தைப் பார்த்தாய். அவள் இன்னொரு தரம், மெதுவாக, "சொல்லுடா" என்றாள். ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு நின்றது. தண்ணீர்க் குழாயடியில் அவள் பேச்சைக் கேட்ட பெண்கள் எல்லோரும் அங்கே இருந்தார்கள். நீ சாவிக்கொத்தை ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு மாற்றிக்கொண்டாய்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. அந்த ஆளிடம் திரும்பி, "சாயந்தரம் வரைக்கும் டைம் குடு. செடியப் புடுங்கிக்கிறேன்" என்றாள். அவன் தலையாட்டினான். அவள் குனிந்து பிடுங்க ஆரம்பித்தாள், பிஞ்சும் பூவுமாக. நான் முந்தானையைச் செருகிக்கொண்டு இறங்கினேன். எனக்கு முன்னால் அமலி இறங்கிவிட்டாள். யாரை அழ வைத்தாளோ, யார் ஆட்டை நீ கட்டிப்போட்டாயோ, அந்த அமலி. "தள்ளுக்கா, நான் இந்தச் சால எடுத்துக்கறேன்" என்று அம்மாவிடம் சொன்னாள். அதற்கப்புறம் ஒவ்வொருத்தியாக முள்கம்பியைத் தூக்கிக்கொண்டு உள்ளே வந்தார்கள். யாரும் ஒரு வார்த்தை குத்திப் பேசவில்லை. பொழுது சாய்வதற்குள் கொல்லை காலியாகிவிட்டது. நீ அதுவரை ஜேசிபி பக்கத்திலேயே நின்றாய்.

இப்போது அங்கே என்ன இருக்கிறது என்று கேட்பாயா? மனைகள். கிளப்பின் பேரையே வைத்து ஏதோ நகர் என்று வளைவு கட்டியிருக்கிறார்கள். மனைக்கு மனை கலர் கொடி. அம்மா இருந்தால் மறுபடியும் என்ன கட்சி என்று கேட்டிருப்பாள். வாங்கினவர்கள் யாரும் வீடு கட்டவில்லை, வேலிகாத்தான் முள் மண்டிக் கிடக்கிறது, பன்றிகள் குட்டி போட்டிருக்கின்றன. உனக்குத் தருவதாகச் சொன்ன வேலையை வேறு யாருக்கோ கொடுத்துவிட்டார்கள். அது எனக்குத் திருப்தியாகத்தான் இருந்தது, மறைக்க மாட்டேன்.

அன்றிரவே அம்மாவை என்னோடு கண்டமங்கலத்துக்குக் கூட்டிவந்தேன். சாகும்வரை என்னோடுதான் இருந்தாள். நீ மாதம் ஒருமுறை ஆரஞ்சுப் பழத்தோடு வருவாய். அவள் உனக்கு டீ போட்டுக் கொடுப்பாள், பிள்ளைகள் படிப்பைக் கேட்பாள், சர்க்கரைக்கு மாத்திரை போட்டாயா என்பாள். கொல்லையைப் பற்றி ஒரு வார்த்தை வராது. மன்னித்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டு நீ நிம்மதியாகப் பஸ் ஏறினாய்.

ஒருநாள் நீ போனபிறகு எனக்குப் பொறுக்கவில்லை. "அவன் உன்னை வித்துத் தின்னுட்டான், நீ அவனுக்கு டீ போட்டுக் குடுக்கறியா?" என்று கத்தினேன். அம்மா டம்ளரைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வித்தா வித்துட்டுப் போறான்டி. புள்ளைங்கள படிக்க வெக்கணும், ஊடு கட்டணும், அவனுக்கும் ஆச இருக்காதா. பொய் சொன்னான், அதுவும் போவட்டும், எங்கிட்ட சொல்ல பயம். ஆனா அன்னிக்கு எம் பக்கத்துல வந்து நின்னிருக்கலாம். ஒண்ணும் பேச வேணாம். வந்து நின்னிருந்தா போதும். அமலி வந்தாளே, அவ இன்னா என் வயித்துலயா பொறந்தா?" அவ்வளவுதான் சொன்னாள். அதற்கு மேல் அதைப் பற்றி அவள் பேசவே இல்லை. அவள் விருப்பப்படி நம் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் அவளை வைத்து, என் சம்பளத்தில் சிலுவை கட்டினேன்.

பிறகு உன் முறை வந்தது. சிறுநீரகம் இரண்டும் கைவிட்டு, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரியிலேயே வந்து படுத்தாய். உன்னை நான் எந்தக் குறையும் வைக்காமல் பார்த்துக்கொண்டேன் என்று உனக்குத் தெரியும். உடம்பு துடைத்தேன், நகம் வெட்டினேன், கஞ்சி ஊட்டினேன். நல்ல வார்த்தை நாலு கேட்டானே உன் மகன், அது அங்கேதான் இருக்கிறது. நீ வலியை யார்மேலும் காட்டவில்லை. பக்கத்துப் படுக்கைக்காரரைச் சிரிக்க வைத்தாய். நான் டியூட்டி முடிந்து போகும்போது, "சாப்டியா ஸ்டெல்லா?" என்று கேட்காமல் விட்டதில்லை. சின்ன வயதில் என் சண்டையெல்லாம் நீதான் போட்டாய்.

ஒருநாள் பகல் நேரத்தில், நான் போர்வையைச் சரிசெய்துகொண்டிருந்தபோது என் கையைப் பிடித்தாய். "என்னை அம்மாகிட்டயே வெச்சிடு, ஸ்டெல்லா. அவுங்க பக்கத்துல" என்றாய். நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை. ட்ரிப்ஸ் தீர்ந்துவிட்டது, மாற்றினேன். நீ இரண்டு நாளில் போய்விட்டாய்.

அடக்கத்தன்று காலையில் ஃபாதர் என்னைக் கூப்பிட்டார். அம்மா கல்லறையைக் கட்டினவள் நான், என்னைக் கேட்காமல் திறக்கமாட்டேன் என்றார். கடப்பாரையோடு ஆட்கள் நிற்கிறார்கள். பிரிட்டோ என் காலைப் பிடிக்காத குறை. "அத்த, அப்பாவோட கடைசி ஆசைங்க" என்று அழுகிறான். அண்ணி என்னைப் பார்க்கவே இல்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது. நான் கல்லறைத் தோட்டத்தின் மேற்கு மதிலைக் காட்டி, அங்கே வெட்டச் சொன்னேன்.

அண்ணா, நிலத்தை விற்றதற்காக இல்லை. பொய்க்காகவும் இல்லை. அதையெல்லாம் விட்டுவிட்டேன் என்று அவளே சொல்லிவிட்டாள், நான் யார் வைத்துக்கொள்ள? உயிரோடு இருந்தபோது நீ பக்கத்தில் வந்து நிற்பாய் என்று அவள் எதிர்பார்த்தாள், நீ வரவில்லை. செத்தபிறகு அவள் பக்கத்தில் வந்து படுக்கிறேன் என்கிறாய். அவளால் வேண்டாம் என்று சொல்லமுடியாத நேரம் பார்த்து வருகிறாய். அவளுக்காக நான் சொன்னேன். நாளைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

பிரிட்டோ இதை அச்சுப் போடுவானோ மாட்டானோ. போடாவிட்டால் கையெழுத்திலேயே பிரதி எடுத்து, உன் நினைவுத் திருப்பலிக்கு வருகிறவர்களிடம் நானே கொடுப்பேன்.

உனக்கு ஒன்று மட்டும் சொல்லி வைக்கிறேன். ஒவ்வொரு கல்லறைத் திருநாளுக்கும் நான் வருவேன். முதலில் அம்மாவிடம் போவேன், மெழுகுவர்த்தி ஏற்றுவேன், உட்கார்ந்து பேசுவேன். அப்புறம் எழுந்து மதிலோரம் உன்னிடம் வருவேன். நடுவில் கொஞ்ச தூரம்தான், அன்றைக்கு ஜேசிபிக்கும் அம்மாவுக்கும் நடுவில் இருந்த அளவுதான் இருக்கும். அந்தத் தூரத்தை நீ நடக்கவில்லை. என் கால் ஓயும்வரை உனக்காக நான் நடக்கிறேன்.

அம்மா பக்கத்தில் நின்ற,
உன் கூடப்பிறந்த தங்கை
ஸ்டெல்லா